வராத ஆள் திறந்த கதவு

சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை இருந்தது. அதைக் கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்தால் முழங்கை வெளியே நிற்கும். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. மேலே யாராவது படியேறினால் சாவிகள் கிலுகிலுவென்று ஆடும். கனமான ஆள் ஏறினால் ஒன்றிரண்டு கீழேயும் விழும். அங்கே உட்கார்ந்து அரத்தால் பித்தளையை ராவிக்கொண்டிருந்தவரை எல்லோரும் சாவியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். பேருந்து ஓட்டுகிற அவருடைய கணவர்கூட, சண்டை வந்தால் மட்டும், அக்கா என்று கூப்பிடுவார்.

சாவியக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பூட்டைத் திறக்க யார் கூப்பிட்டாலும், "இது உங்க வீடுதானா?" என்று கேட்பார். உள்ளே இருப்பவரோ அக்கம்பக்கத்தவரோ ஆமாம் என்று சொன்ன பிறகுதான் கம்பியைக் கையில் எடுப்பார். ஒருமுறை தன் வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டு வாசலில் நின்றார். அப்போதும் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இது என் வீடுதானேம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தார். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தொழில் என்றால் தொழில்.

அந்தத் தெருக் குழாயில் காலையில் வருகிற தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கணவர் அதில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்தும் விட்டார். "பால் பத்தல" என்று வேறு சொன்னார். சாவியக்காவுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. அதே வாரம், குடிநீர்த் தர வாரியத்துக்குப் பொதுமக்களிலிருந்து ஒரு உறுப்பினர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. எழுதிப் போட்டார்.

அந்த வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது அரசாங்கக் கட்டடத்தில் இருக்கும், அரசாங்க நாற்காலியில் உட்காரும், ஆனால் அரசாங்கம் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. அதன் சட்டத்திலேயே அப்படி எழுதியிருந்தது. மொத்தம் ஏழு உறுப்பினர்கள். ஆறு பேர் பட்டம் வாங்கியவர்கள். ஏழாவது ஆள், குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற யாராவது ஒருவர். விண்ணப்பம் போட்டவர்களில் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். குலுக்கியதில் சாவியக்கா விழுந்தார். ஐந்து வருடப் பதவி. ஏழாவது ஆள் தேநீர் குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்பதுதான் அதுவரை வழக்கம்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது அவர் பார்த்தது வேறு எதையும் இல்லை, கதவுப் பூட்டைத்தான். அந்தக் கதவை மணல் நிரப்பிய ஒரு சிவப்பு வாளியை முட்டுக்கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருந்தார்கள். சாவியக்கா குனிந்து துவாரத்தில் ஒரு கண்ணை வைத்தார். பிறகு செயலாளரிடம், "சார், இந்தப் பூட்டுல ஸ்பிரிங் போயிடுச்சு. நாக்கு வெளிய வந்தா உள்ள போகாது. மாத்திடுங்க" என்றார்.

செயலாளர் எதையும் கோப்பு வழியாகத்தான் யோசிப்பார். "கோப்புல போடறேன் மேடம்" என்றார். போட்டார். அது அங்கேயே தூங்கியது.

புதிதாகக் கட்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் சான்று வாரியத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் வம்பு தொடங்கியது. 'இந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது' என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் சான்று செல்லாது. ஆறு பேர் போட்டுவிட்டார்கள். தாள் சாவியக்காவிடம் வந்தது.

"இந்தத் தண்ணிய எங்க பிடிச்சீங்க?"

"நிலையத்துலதான் மேடம்" என்றார் செயலாளர்.

"அங்க யாரும் குடியில்லையே. எங்க தெருக் குழாயில பிடிச்சுப் பாருங்க. நல்லா இருந்தா உடனே போடறேன்."

வாரியத் தலைவர் வயதானவர். வழுக்கைத் தலையில் இருந்த நாலு முடியையும் நாலு திசைக்கும் பங்கிட்டு வாரியிருப்பார். அவர் தொண்டையைச் செருமினார். "மேலிடத்துல அவசரமாக் கேக்கறாங்கம்மா."

"மேலிடத்துக்குத் தண்ணி மேல இருந்தே வருதோ என்னமோ. எங்களுக்குக் கீழ, குழாய் வழியாத்தான் வருது."

கையெழுத்துப் போடாமலே வீட்டுக்கு வந்தார். அடுத்த கூட்டத்திலும் போடவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் பேனாவையே எடுத்துப் போகவில்லை.

செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், உடம்புக்கு முடியலன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன். கௌரவமா இருக்கும்."

"நல்லாத்தானே இருக்கேன்."

"எழுதறதுக்கு நிஜமாவே முடியாம இருக்கணும்னு இல்லையே மேடம்."

சாவியக்கா அழைப்பைத் துண்டித்தார். நாலு நாளில் கடிதம் வந்தது. மேலிடத்தின் நம்பிக்கையை அவர் இழந்துவிட்டாராம். ஆகவே உடனடியாக நீக்கப்படுகிறாராம். அரசாங்க முத்திரை வட்டமாக, நீலமாக, நிலா மாதிரி இருந்தது.

சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு வக்கீல் இருந்தார். சின்ன வயசு. சாவியை அலுவலகத்துக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து நிற்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாவியக்கா திறந்துவிடுவார், வக்கீல் சட்டம் சொல்வார். இருவருக்கும் இடையே ஓடிய வியாபாரம் அவ்வளவுதான். கடிதத்தைப் படித்துவிட்டு வக்கீல் சிரித்தார்.

"அக்கா, 'உன்மேல நம்பிக்கை போயிடுச்சு'ன்னு காதல் கடிதத்துல எழுதலாம். சட்டத்துல செல்லாது."

"முத்திரை போட்டிருக்கே தம்பி."

"முத்திரைய எதுமேல வேணா குத்தலாம். இங்க பாருங்க. சில பதவி மேல இருக்கறவருக்குப் பிடிக்கற வரைக்கும்தான். காலைல பிடிக்கலன்னா மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிடலாம். உங்க பதவி அந்த வகை இல்ல. பிடிக்காததச் சொல்றதுக்குத்தான் உங்கள அங்க உட்கார வெச்சிருக்கு. பிடிக்கலன்னு தூக்கிட்டா அப்புறம் வாரியம் எதுக்கு? ஆறு நாற்காலியும் ஒரு தேநீர்ப் பானையும் போதுமே."

"அப்போ என்னைத் தூக்கவே முடியாதா?"

"முடியும். நாலு காரணம் எழுதியிருக்கு. கோர்ட்டு தண்டிச்சிருக்கணும். இல்ல, உடம்போ மனசோ வேலை செய்ய முடியாத அளவுக்குப் போயிருக்கணும். இல்ல, பதவியில இருந்துக்கிட்டு முறைகேடு பண்ணியிருக்கணும். இல்லன்னா, அனுமதி வாங்காம தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராம இருக்கணும். எதுவா இருந்தாலும் முதல்ல நோட்டீஸ் குடுக்கணும், உங்க பேச்சக் கேக்கணும். மூணு கூட்டம் மட்டும் விதிவிலக்கு. அதுக்கு நோட்டீஸ் கீட்டீஸ் ஒண்ணும் கிடையாது. மூணாவது தடவ வரலன்னு எழுதினா நாற்காலி தானாக் காலி."

சாவியக்கா அரத்தைத் துடைத்தபடி யோசித்தார். "அதாவது, இந்தப் பூட்டுக்கு நாலு சாவிதான். அஞ்சாவது கிடையாது."

"கிடையாது. ஆனா நாலையும் போட்டுப் பாப்பாங்க அக்கா."

வக்கீல் ஒரு பக்கத்தில் பதில் எழுதி அனுப்பினார். முந்தைய கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டது என்று வாரியம் பதில் போட்டது. ஒரு முழுக் கடிதம், முத்திரையோடு, தானாகத் தவறி விழுந்து உறைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாவம்.

பிறகு வக்கீல் சொன்னது போலவே நடந்தது.

முதல் சாவி, கோர்ட்டு. பூட்டுத் திறக்கிறவர் ஒருநாளாவது மாற்றான் வீட்டைத் திறந்திருக்க மாட்டாரா என்று சந்தையெல்லாம் விசாரித்தார்கள். கேட்ட இடத்திலெல்லாம் எதிர்வீட்டுக்காரிக் கதையைத்தான் சொன்னார்கள். விசாரிக்க வந்தவர் அந்தக் கதையை ஐந்தாவது தடவை கேட்டபோது, "போதும்யா, அது அவங்க வீடேதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது சாவி, உடம்பு. சாவி வெட்டும் எந்திரத்தின் இரைச்சலில் சாவியக்காவுக்கு ஒரு காது மந்தம். அதைப் பிடித்துக்கொண்டார்கள். உறுப்பினர்களில் ஒருவர் டாக்டரம்மா. அதிகம் பேசாதவர், ஆனால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். அவரே பரிசோதிக்கட்டும் என்றார்கள். சாவியக்காவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள், அறையின் அந்தக் கோடியில் தலைவர் செயலாளரின் காதில், "இந்தம்மாவால பெரிய தொல்லைய்யா" என்று முணுமுணுத்தார்.

"கேட்டுச்சு" என்றார் சாவியக்கா, சுவரைப் பார்த்தபடியே.

டாக்டரம்மா அறிக்கையில் 'செவித்திறன் போதுமானது' என்று எழுதினார். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவது சாவி, முறைகேடு. கூட்டத்தில் கொடுத்த பிஸ்கட்டில் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றார் என்பது குற்றச்சாட்டு. முறைப்படி நோட்டீஸ் வந்தது. முறைப்படி விசாரணையும் நடந்தது.

"எடுத்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார் தலைவர்.

"எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு. ஒண்ணுல கிரீம் இருந்துச்சு, அதையும் எழுதிக்கோங்க. ஐயா கார் பின்னாடி ஒரு டப்பா போச்சே, அது எந்த வகை? கிரீம் வெச்சதா, வெக்காததா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பிஸ்கட்டுக்காக ஒருத்தர நீக்கினோம்னு வெளிய தெரிஞ்சா, நான் ஆஸ்பத்திரி வாசல்ல தலைகாட்ட முடியாது. இத விடுங்க" என்றார். விட்டார்கள்.

மிச்சம் இருந்தது நாலாவது சாவி. அது கொஞ்சம் பொருந்தத் தொடங்கியது. ஒரு கூட்டத்துக்கான அறிவிப்பு, கூட்டம் முடிந்த மறுநாள் தபாலில் வந்தது. அடுத்த கூட்டத்தன்று சாவியக்கா வழக்கமான அறையில், சிவப்பு வாளிக்குப் பக்கத்தில், தனியாக உட்கார்ந்திருந்தார். வாரியம் அப்போது நகரத்தின் மறுகோடியில் ஒரு பயிற்சிக் கூடத்தில் கூடி, அவர் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தது.

"கேஸ் போடலாம்" என்றார் வக்கீல். "ஜெயிக்கவும் செய்வோம். ஆனா தீர்ப்பு வர்றப்ப உங்க பதவிக்காலமே முடிஞ்சிருக்கும். நாளைக்கு நடக்கற மூணாவது கூட்டத்துக்கு எப்படியாவது போயிடுங்க அக்கா. போகலன்னா அன்னிக்கே நாற்காலி போச்சு. மறுநாளே ஒரு தலையாட்டிய உட்கார வெச்சு சான்ற வாங்கிடுவாங்க. உங்க தெருவுல கடைசி வரைக்கும் தேநீர்தான்."

அன்று மாலை சாவியக்கா வீட்டுக்கு வந்தபோது கணவர் தோளில் ஒத்தடத் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில வாரங்களாகவே இப்படித்தான். கேட்டால் வயசு என்பார். ஆனால் அன்று கடைக்குச் சாவி வெட்ட வந்த நடத்துநர் உண்மையை உளறிவிட்டிருந்தார்: டிரைவரை நகரப் பாதையிலிருந்து எடுத்து மலைப் பாதையில் போட்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு திருப்ப வேண்டிய பாதை. காரணம் கேட்டதற்கு, "உங்க வீட்டம்மாவக் கேளுங்க" என்று சொன்னார்களாம்.

"ஏங்க, மலை ரூட்டுன்னு சொல்லவே இல்லையே."

"காத்து நல்லா இருக்கு" என்றார் அவர்.

"தோளப் பாத்தா அப்படித் தெரியலையே." சாவியக்கா ஒத்தடத் துணியை எடுத்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார். "எழுதிக் குடுத்துடறேன். ஒரு வரிதானே."

மனைவி வாரியத்தில் சேர்ந்த நாள் முதல் 'விட்டுத் தொலை, விட்டுத் தொலை' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். இப்போது ஒத்தடத் துணியைப் பிடுங்கித் தானே தோளில் வைத்துக்கொண்டார்.

"இந்தா பாரு அக்கா. இப்ப நீ விட்டா, நான் அத்தன வளைவையும் சும்மா திருப்பினதா ஆயிடும். நாளைக்குப் போ. போய் உட்காரு. எனக்குப் பிஸ்கட்டு எடுத்துட்டு வா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், சாவியக்கா அடுப்பங்கரைக்குப் போய் மூக்கைச் சிந்தியது அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

மறுநாள் சாவியக்கா சீக்கிரமே போய்விட்டார். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் திரும்பியதும் நின்றார். சிவப்பு வாளி சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. இத்தனை நாளும் திறந்தே கிடந்த கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பியூன் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

கதவைத் தட்டினார்.

"கூட்டம் தொடங்கியாச்சு மேடம்" என்றது செயலாளரின் குரல். "தொடங்கின பிறகு கதவைத் திறக்கறதில்லன்னு புது நடைமுறை."

"எப்ப வந்துச்சு அந்த நடைமுறை?"

"இப்பத்தான். முதல் தீர்மானமே அதுதான்."

சாவியக்காவின் கை தோள்பைக்குள் போனது. அந்தப் பைக்குள் கம்பிகள் சுருட்டி வைத்த தோல் உறை எப்போதும் இருக்கும். அந்தப் பூட்டை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு கொட்டாவி விடுகிற நேரம் போதும். விரல் கம்பியைத் தொட்டும் விட்டது. அப்போதுதான் பியூன் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தினார். அவருடைய சட்டைப் பையில் தொலைபேசி நெட்டுக்குத்தலாக நின்றது. அதன் கண்ணாடிக் கண் வெளியே எட்டி, சாவியக்காவின் கையை நேராகப் பார்த்தது.

அவருக்கு எல்லாம் விளங்கியது. இவர்கள் பூட்டியது அவர் வரக் கூடாது என்பதற்காக மட்டுமில்லை. பொறுக்காமல் திறந்துவிட வேண்டும் என்பதற்காகவும்தான். வாரியம் பூட்டிய கதவை உறுப்பினரே கம்பி போட்டுத் திறந்தார் என்றால், பிஸ்கட்டுக்குக் கிடைக்காத முறைகேடு இதற்குக் கிடைத்துவிடும். படத்தோடு. உள்ளே போனால் மூன்றாவது சாவி, வெளியே நின்றால் நாலாவது சாவி. கெட்டிக்காரர்கள்தான், படித்தவர்கள் இல்லையா.

கம்பியை விட்டுவிட்டு வெறும் கையை வெளியே எடுத்தார்.

"தம்பி, பாக்கெட்டுல ஃபோனா? சூடாகுமே, நெஞ்சுக்கு ஆகாது."

பியூன் நெளிந்தார். "என்னை வாட்டாதீங்க அக்கா. சொன்னதச் செய்யறேன்."

"செய்யி, செய்யி. படத்துல நான் நல்லா விழறேனா, இல்ல கொஞ்சம் இந்தப் பக்கம் நிக்கட்டுமா?"

பிறகு குனிந்து, சாவித் துவாரத்தில் வாயை வைத்துத் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உள்ள இருக்கறவங்க யாராவது கதவைத் திறக்கச் சொல்றீங்களா?"

"யாரும் சொல்லல. திறக்கக் கூடாது" என்றார் தலைவர்.

"சரிங்க. ஏழாவது உறுப்பினர் வந்திருக்கேன். குறிச்சுக்கோங்க."

"உள்ள இருக்கறவங்களத்தான் குறிப்போம்."

சாவியக்கா தாழ்வாரத்து மரப்பெஞ்சை இழுத்து வந்து கதவுக்கு எதிரே போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளே செயலாளர் வாசிப்பது தெளிவாகக் கேட்டது. ஏழாவது உறுப்பினர் தொடர்ந்து மூன்றாவது முறையாக வரவில்லை. ஆகவே அவருடைய இடம் காலியாகிவிட்டது. மல்லுக்கு நின்று தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷியை இல்லை என்று எழுதுகிறார்கள். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இருந்தன.

எழுந்து போகவில்லை. பையிலிருந்து அரத்தையும், வெட்டாத ஒரு பித்தளைச் சாவியையும் எடுத்தார். யாரோ கேட்டிருந்த அலமாரிச் சாவி. ராவ ஆரம்பித்தார். கர்... கர்... அந்தத் தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் பல் கூசுகிற மாதிரி எதிரொலித்தது.

"அது என்ன சத்தம்?" என்று உள்ளே யாரோ கேட்டார்.

"வராத ஆளோட சத்தம்" என்றார் சாவியக்கா.

கூட்டம் முடியும் வரை ராவினார். பியூன் முதலில் காதைப் பொத்தினார், பிறகு தொலைபேசியைப் பையில் படுக்கவைத்தார், கடைசியில் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடி திருப்பினார்கள். சாவியக்கா அரத்தை நிறுத்தி, நல்ல காதைக் கொடுத்துக் கேட்டார். நாக்கு வெளியே வந்துவிட்டது, உள்ளே போகவில்லை. அவர் முதல் நாளே சொன்னதுதான். அந்தக் கோப்பு எங்கேயோ இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

"தள்ளுய்யா, நான் பாக்கறேன்" என்று தலைவரின் குரல். அவசரமான குரல். பிறகு டக்கென்று ஒரு சத்தம்.

சாவி உடைந்துவிட்டது. பாதி தலைவர் கையில், பாதி பூட்டின் வயிற்றில்.

சன்னல்களில் கம்பி போட்டிருந்தது. அறைக்கு வேறு கதவு இல்லை. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆறு பெரிய மனிதர்கள் தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டதைச் செய்தித்தாளில் போடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். செயலாளர் பியூனைத் தொலைபேசியில் அழைத்து, வேறு பூட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். நகரத்தில் இன்னொருவர் இருந்தார். பியூன் அவரை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, பதிலைக் கதவு வழியாகச் சொன்னார்:

"சார், அக்கா வாசல்ல உட்கார்ந்திருக்கற கதவுல அவர் கைவெக்க மாட்டாராம்."

உள்ளே கொஞ்ச நேரம் கசமுச. கடைசியில் தலைவரே துவாரத்துக்குப் பக்கத்தில் வந்தார். "அம்மா, கொஞ்சம் திறந்து விடுங்க."

"யாரு, நானா? நான்தான் வரலையே ஐயா. வராத ஆள் எப்படித் திறக்கும்?"

"விளையாடாதீங்கம்மா. எனக்குச் சர்க்கரை வியாதி. காலைல இருந்து ரெண்டு தேநீர் குடிச்சிருக்கேன். அவசரம்."

"நான் விளையாடல ஐயா. பதவியில இல்லாத ஆள் வாரியத்துக் கதவுல கைவெச்சா குத்தம். பதவியில இருக்கற ஆள் கைவெச்சா முறைகேடு. நீங்களே சொல்லுங்க, நான் யாரு?"

அப்போது டாக்டரம்மாவின் குரல் கேட்டது. அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் மற்ற எல்லாக் குரலும் அடங்கிவிட்டன. "அந்தத் தீர்மானத்த இங்க குடுங்க. நான் முதல்ல கையெழுத்துப் போட்டதே தப்பு. அடிச்சுட்டு உண்மைய எழுதுவோம்."

காகிதச் சத்தம் கேட்டது. பேனாச் சத்தம் கேட்டது. தலைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்கும் சத்தமும் கேட்டது. கதவிடுக்கின் அடியில் ஒரு தாள் நழுவி வந்தது. ஏழாவது உறுப்பினர் கூட்ட நேரத்துக்கு முன்பே வந்து, கதவு பூட்டியிருந்ததால் வெளியே இருந்தார். அவர் வந்ததாகவே கொள்ளப்படும். கதவைத் திறக்குமாறு வாரியம் அவரைக் கேட்டுக்கொள்கிறது. கீழே ஆறு கையெழுத்துகள்.

சாவியக்கா எட்டாவது வரைதான் படித்தவர். நிதானமாகத்தான் படிப்பார். அன்று அதைவிடவும் நிதானமாகப் படித்தார்.

"இதுல ஒரு கையெழுத்து ரொம்பக் கோணலா இருக்கே, யாரோடது?"

"என்னோடதும்மா. என்னோடதுதான். திறங்க."

சாவியக்கா தன் கையெழுத்தையும் போட்டு, தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, இப்ப எடு ஃபோன. நல்லாப் பிடி" என்று பியூனிடம் சொல்லிவிட்டுக் கதவின் பக்கம் திரும்பினார்.

"இது உங்க அறைதானா?"

"ஆமா."

"திறக்கச் சொல்றீங்களா?"

"சொல்றோம்" என்று ஆறு பேரும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்.

மெல்லிய கம்பியால் உடைந்த துண்டை உட்புறமாகத் தள்ளினார். அது அறைக்குள் டிங்கென்று விழுந்தது. இன்னொரு கம்பியை வளைத்துவிட்டு, உள்ளே எதையோ தூக்கி, நாக்கைப் பின்னால் இழுத்தார். கதவு திறந்தது. தலைவர் அவரைத் தாண்டித் தாழ்வாரத்தின் கோடிக்குப் போன வேகத்தில், நாலு திசைக்கும் பங்கிட்டிருந்த முடி ஒரே திசைக்கு வந்துவிட்டது.

சாவியக்கா ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பூட்டையே வெளியே எடுத்தார். மேசைமேல் வைத்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூட்டம் முடிஞ்சிடுச்சே மேடம்" என்றார் செயலாளர்.

"நான் வந்திருக்கேன்னு இப்பத்தானே எழுதினீங்க. வந்த ஆள் ஒரு வார்த்தை பேச வேண்டாமா? தலைவர் வரட்டும்."

டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னொருவரும் உட்கார்ந்தார். தலைவர் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாவியக்கா அவருடைய நாற்காலியைக் காலால் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

"உட்காருங்கய்யா. மெதுவா. சர்க்கரை இருந்தா வெறும் வயித்துல இருக்கக் கூடாது" என்று பிஸ்கட் தட்டையும் அவர் பக்கம் தள்ளினார். கிரீம் வைக்காததாகப் பார்த்துத்தான் தள்ளினார்.

தலைவர் ஒரு பிஸ்கட்டை எடுத்து, சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"எங்க தெருக் குழாய்ல தண்ணி பிடிக்கணும். காலைல. நான் பக்கத்துல நிப்பேன்."

அது தீர்மானமாக எழுதப்பட்டது. ஏழு கையெழுத்து.

புதுப் பூட்டுக்குக் கோப்பு போட்டார் செயலாளர். அது இன்னும் திரும்பி வரவில்லை. வாரியத்தில் யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஒரு நீள ஓட்டை மட்டும் இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது தாழ்வாரத்தில் போகிறவர்களும் வருகிறவர்களும் அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தலைவர் அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து, வார்த்தையை எண்ணிப் பேசப் பழகிவிட்டார்.

தெருக் குழாயில் மூன்று முறை தண்ணீர் பிடித்துப் பரிசோதித்தாகிவிட்டது. மூன்று முறையும் தேறவில்லை. எங்கேயோ பழைய குழாய் ஓட்டையாம், தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரின் நிறம் முன்னைக்கு இப்போது கொஞ்சம் வெளுத்திருக்கிறது. பால் கூடியிருக்கிறது என்கிறார் டிரைவர். அவரை மலைப் பாதையிலிருந்து இன்னும் மாற்றவில்லை. சாயங்காலம் தோளில் துணியோடு வாசற்படியில் உட்கார்ந்து, மனைவி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தெருமுனையில் தெரிந்ததும் அங்கிருந்தே கேட்பார்.

"என்ன அக்கா, கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடல."

"பிஸ்கட்டு?"

சாவியக்கா கைக்குட்டை முடிச்சை உயர்த்திக் காட்டுவார்.